மாவிட்டபுரக் கதவும் காங்கேசன்துறை வாக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1968 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் சென்று வழிபட ஒடுக்கப்பட்ட சாதியினர் கோரியபோது அக்கோயில் வாசலில் நடந்தவை பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை குறைவல்ல. அவற்றுட் பெரும்பாலானவை அந்நிகழ்வைச் சாதியெதிர்ப்புப் போராட்ட வரலாற்றின் ஒரு கட்டமாகப் பதிவு செய்திருக்கின்றன. அது சரியானதே. ஆயினும் அதே நிகழ்வைக் கட்சி அரசியலின் பக்கமிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. மத வேறுபாட்டைக் கடந்து வாக்களிக்கத் தன் மக்களைப் பழக்கியிருந்த தமிழரசுக் கட்சி, பிறப்பால் எவரும் தாழ்ந்தவரல்லர் என்ற எளிய மனிதநேயக் கோட்பாடு தன் தலைவரின் சொந்தத் தொகுதியிலேயே சோதனைக்கு உள்ளானபோது, ஏன் கட்சியாகக் களத்தில் இறங்கவில்லை?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கட்சிகளின் மதச்சார்பின்மை உண்மையானது. அதைப் போலி என்று தள்ளுவோருடன் நான் உடன்படவில்லை. ஆனால் அம்மதச்சார்பின்மை, 'மத விடயங்களில் கட்சி தலையிடாது' என்ற அளவோடு நின்றுவிட்டது. சாதி கோயில் மதிலுக்குள் புகுந்துகொண்டு மதத்தின் பெயரால் பேசத் தொடங்கியபோது, தலையிடாமை என்ற அந்த நல்ல கொள்கையே சாதிக்கு அரணாகிவிட்டது.

தொகுதி

மாவிட்டபுரம் காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதிக்குள் அடங்கியது. 1968 இல் அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் ஒரு கிறிஸ்தவர். 1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, கொழும்பில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றவர். 1947 இல் தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக இத்தொகுதியில் வென்றார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட விவகாரத்தில் அக்கட்சியின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்துடன் முரண்பட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையிடம் தோற்றார். நடேசபிள்ளை சேர் பொன். இராமநாதனின் மருமகன், பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக இருந்த சைவ அறிஞர். அத்தேர்தலில் செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பது அவருக்கு எதிரான பிரசாரத்தில் வெளிப்படையாகவே எடுத்தாளப்பட்டது.

நான்கு ஆண்டுகளின் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1956 இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களக் கொள்கையின் நிழலில் நடந்த தேர்தலில், பெரும்பான்மையாகச் சைவர்கள் வாழும் அத்தொகுதி அவரைத் தெரிவு செய்தது. அதன் பின் அவர் அங்கே தோற்கவேயில்லை. நல்லூர்த் தொகுதியிலோ, 1960 முதல் 1970 வரை கத்தோலிக்கரான டாக்டர் இ. மு. வி. நாகநாதன் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். நல்லூர்க் கந்தனின் வீதியைத் தன் எல்லைக்குள் கொண்ட தொகுதி ஒரு கத்தோலிக்கருக்கு மீண்டும் மீண்டும் வாக்களித்தது என்பதை நாம் இன்று சாதாரணமாகக் கடந்துபோகிறோம். தெற்காசியாவில் மதத்தின் பெயரால் மக்கள் பிரிக்கப்பட்ட காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் அதன் பெறுமதி விளங்கும்.

இப்பண்பு தமிழரசுக் கட்சியின் கண்டுபிடிப்பு அன்று. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் இதற்கு முன்பே வழி திறந்திருந்தது. அதன் முன்னணி மனிதரான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இளைஞர் காங்கிரசின் அழைப்பின் பேரில்தான். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதற் சட்டசபைத் தேர்தலை அது புறக்கணிக்கச் செய்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்து 1934 இல்தான் நிரப்பப்பட்டன. வரலாற்றாசிரியர்கள் அப்புறக்கணிப்பையே அதிகம் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவ்விளைஞர்கள் சமபந்தி போசனத்தையும் பாடசாலைகளில் சம ஆசனத்தையும் தங்கள் அரசியலின் உட்கூறாகவே கொண்டிருந்தது. தாழ்த்தப்பட்டவர் என ஒதுக்கப்பட்ட பிள்ளை வகுப்பறை நிலத்தில் இருக்க, மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்த காலம் அது. அரசியல் விடுதலையும் வாங்கில் இடமும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள் என்று அவர்கள் கருதினார்கள். அந்தப் பிணைப்பு அடுத்த தலைமுறைக் கட்சி அரசியலில் தளர்ந்துபோனது; மத நல்லிணக்கம் கட்சிக்குள் வந்தது, சமபந்தி மேடைப் பேச்சோடு நின்றது.

வாசல்

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் காரணமாக ஒருவரைக் கோயில், கடை, பாடசாலை போன்ற பொது இடங்களில் அனுமதிக்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1950 களின் நடுப்பகுதியில் நல்லூர் உட்படச் சில பெரிய கோயில்கள் ஏற்கனவே எல்லோருக்கும் கதவைத் திறந்திருந்தன. இருந்தும் குடாநாட்டின் பல தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் தனி இருக்கையும் தொடர்ந்தன. பல கோயில்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் வெளிவீதியோடு நிற்க வேண்டியிருந்தது. கோயிலுக்குக் காணிக்கை கொடுக்கலாம், திருவிழாவுக்கு உழைக்கலாம். உள்ளே சென்று கும்பிட முடியாது. சட்டம் வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்பும் அதைக் கையிலெடுத்து நடைமுறைப்படுத்த எந்தப் பெரிய கட்சியும் ஓர் இயக்கத்தை நடத்தவில்லை.

அவ்வெற்றிடத்தில் இறங்கியவர்கள் இடதுசாரிகள். 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி, நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண முற்றவெளி நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்றை நடத்தினர். அது சுன்னாகத்தில் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானையிலும் நிச்சாமத்திலும் மோதல்கள் மூண்டு உயிர்கள் பலியாயின. தேநீர்க் கடைகளும் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் போராட்டக் களங்களாயின. இவற்றுள் மிகவும் கவனத்தை ஈர்த்தது மாவிட்டபுரம்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் மாவிட்டபுரத் திருவிழா வலிகாமம் முழுவதற்கும் பொதுவான விழா. தீர்த்தத்துக்குச் சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளும் வழியெல்லாம் சனம் நிறைந்திருக்கும். அக்கோயிலின் உள்ளே சென்று வழிபடக் கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் 1968 இல் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். ஏழு ஆண்டுகளுக்கு முன், 1961 பெப்ரவரியில், தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி (அரச அதிபர் அலுவலகம்) வாசலில் இதே முறையில் அமர்ந்து மறியல் செய்திருந்தார்கள். கச்சேரி வாசலில் இருந்தவர்களைத் தமிழ் மக்கள் தங்கள் உரிமைப் போராளிகள் என்று போற்றினார்கள். கோயில் வாசலில் இருந்தவர்களுக்கு வசைகளும் அடிகளும் கிடைத்தன. இரண்டு வாசல்களிலும் அமர்ந்தவர்கள் தமிழர். இரண்டிலும் கேட்கப்பட்டது மனிதராக மதிக்கப்படும் உரிமை.

அவர்களை மறித்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1948 இல் குடியுரிமைச் சட்டமூலப் பிரச்சினையையொட்டி அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியவர். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்காக அமைச்சர் நாற்காலியைத் துறந்த ஒருவர், சக தமிழர் ஒருவர் கோயிற் படியேறுவதைத் தடுக்க முதுமையில் வாசலில் வந்து நின்றார். இதை வெறும் தனிமனித முரண்பாடாக நான் காணவில்லை. அரசிடம் உரிமை கேட்கும் அரசியலுக்கும், சக மனிதனுக்கு உரிமை கொடுக்கும் அரசியலுக்கும் இடையே எந்தப் பாலமும் இல்லாமலே ஒரு முழு அரசியல் வாழ்க்கையை நடத்திவிட முடியும் என்பதற்கு அவர் சான்று. 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

மறித்தவர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று இன்றும் காதில் விழுவது: கடவுளை நம்பாத கம்யூனிஸ்டுகளுக்குக் கோயிலில் என்ன வேலை? இந்த வாதம் மேலோட்டமாகப் பார்க்கையில் வலுவுள்ளதாகத் தோன்றும். ஆனால் உள்ளே போகக் கேட்டவர்கள் முருக பக்தர்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்களிற் சிலர் நம்பிக்கை அற்றவர்கள். நம்பாத ஒருவர், நம்பும் மற்றவரின் வழிபாட்டு உரிமைக்காக அடிவாங்கத் தயாராக இருப்பதே மதச்சார்பற்ற மனிதநேயத்தின் மிக முதிர்ந்த வடிவம் என்று நான் கருதுகிறேன். தன் நம்பிக்கைக்காக வாதாடுவது எவருக்கும் இயல்பு. தான் பகிராத நம்பிக்கைக்காகப் பிறர் பக்கத்தில் நிற்பதற்கு, மனிதர் என்ற ஒரே காரணம் போதும் என்ற தெளிவு வேண்டும். அத்தெளிவு அன்று மாவிட்டபுர வாசலில் இருந்தது. பெரிய கட்சிகளின் அலுவலகங்களில் இருக்கவில்லை.

கட்சி

தமிழரசுக் கட்சியின் நிலைமையை நியாயமாக மதிப்பிட வேண்டும். தீண்டாமை ஒழிப்பு அதன் மேடைகளில் பேசப்பட்டே வந்தது. அக்கட்சியின் உறுப்பினர்களுள் சாதி வேற்றுமையை உளமார வெறுத்தவர்கள் இருந்தார்கள். செல்வநாயகத்தின் தனிப்பட்ட நேர்மையை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை. இந்துக் கோயில் ஒன்றின் உள் விவகாரத்தில் ஒரு கிறிஸ்தவத் தலைவர் தலையிட்டால், 1952 இல் கிளப்பப்பட்ட மதப் பிரசாரம் மறுபடியும் தலைதூக்கும் என்ற அச்சமும் காரணமற்றது அன்று. ஆனால் கட்சியில் அவர் ஒருவரே இருக்கவில்லை. சைவர்களான எத்தனையோ பாராளுமன்ற உறுப்பினர்கள், உள்ளூராட்சித் தலைவர்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒன்று திரண்டு, நெற்றியில் திருநீற்றோடு, ஒடுக்கப்பட்டவர்களின் கையைப் பிடித்து அவ்வாசலைக் கடந்திருந்தால் மறித்து நின்றவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பார்கள்? அது நடக்கவில்லை. கோயிலை நிர்வகித்தவர்களும் கிராமங்களிற் கட்சிக்கு வாக்குத் திரட்டியவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர் என்பதே இதற்கு அடிப்படைக் காரணம் என்று எண்ணுகிறேன்.

அதே 1968 இல் இன்னொரு கோயில் தேசிய அரசியலையே அசைத்தது. டட்லி சேனநாயக்காவின் அரசில் தமிழரசுக் கட்சி பங்கு கொண்டிருந்தது, செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். திருகோணமலைக் கோணேசுவரர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பையடுத்துப் பிரதமர் அக்குழுவின் வேலையை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். அதைத் தொடர்ந்து கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. அதிகாரப் பகிர்வுக்கான மாவட்ட சபைகள் பற்றிய வாக்குறுதி கைவிடப்பட்டிருந்ததும் இதற்குப் பின்புலம். சைவர்களின் வழிபாட்டிடம் ஒன்றை அரசு அவமதித்தபோது பதவியைத் தூக்கியெறிந்தது சரியான செயலே; அதிற் குறை காண நான் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டில் சைவர்களான ஒரு பகுதித் தமிழருக்குத் தங்கள் சொந்த ஊர்க் கோயிலே அடைக்கப்பட்டிருந்தது. கோணேசுவரத்துக்காக ஓர் அமைச்சுப் பதவியை இழக்க முடிந்த கட்சி, மாவிட்டபுரத்துக்காக ஊர்ப் பெரியவர்களின் முகச்சுளிப்பை ஏற்கத் துணியவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காத எந்த ஆய்வும் அக்காலத் தமிழ் அரசியலைப் பாதிதான் சொல்கிறது.

வாக்கு

1970 மே மாதத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியின் முடிவு ஆழ்ந்து படிக்க வேண்டியது. செல்வநாயகம் 13,520 வாக்குகளுடன் வென்றார். 8,164 வாக்குகள் பெற்று இரண்டாவதாக வந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலம். மாவிட்டபுர வாசலில் நின்று மறித்த சுந்தரலிங்கமும் அதே தொகுதியில் போட்டியிட்டு, அவர்களுக்குப் பின்தங்கித் தோற்றார். கோயிலைக் காப்பதாகச் சொன்னவரை, அக்கோயிலைச் சூழ வாழ்ந்த மக்கள் தங்கள் பிரதிநிதியாக ஏற்கவில்லை. ஒரு கிறிஸ்தவரையும் ஒரு கம்யூனிஸ்டையும் அவர்கள் முன்னிறுத்தினார்கள். மக்கள் தயாராக இல்லை, அதனால்தான் கட்சி மெதுவாகப் போக வேண்டியிருந்தது என்று சொல்லப்படும் சமாதானத்தை இந்த முடிவு பெரிதும் பலவீனப்படுத்துகிறது.

பக்கத்து வட்டுக்கோட்டையில், சங்கானையைத் தன்னுள் கொண்ட அத்தொகுதியில், அ. அமிர்தலிங்கம் தமிழ்க் காங்கிரசின் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். நல்லூரில் நாகநாதனும் தோற்றார். இத்தோல்விகளுக்குக் காரணங்கள் பல. வட்டுக்கோட்டையைப் பொறுத்தவரை ஒடுக்கப்பட்ட மக்களின் அதிருப்தியும் அவற்றுள் ஒன்று என்ற கருத்து அக்காலத்திலிருந்தே நிலவி வருகிறது. புதிய அரசு, ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியத்தை நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. குடாநாட்டின் பெரும் கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் கொடுக்காத இடத்தைக் கொழும்பு அரசு நியமனத்தின் மூலம் கொடுத்தது என்பது தமிழ்த் தலைமைக்கு ஏற்பட்ட பெரிய பின்னடைவு. 1977 இல், தமிழரசுக் கட்சியை உள்ளடக்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி உடுப்பிட்டியில் த. இராசலிங்கத்தை நிறுத்தியபோதுதான் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் யாழ்ப்பாண மக்களின் வாக்கினால் பாராளுமன்றம் சென்றார். 1957 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அதைச் செய்தார்கள்.

எழுத்து

அரசியலமைப்பு விவாதத்தில் தமிழரசுக் கட்சி எடுத்த நிலைப்பாடு தெளிவானது. குடியரசின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடம் கொடுக்க முற்பட்டபோது, அரசு மதச்சார்பற்றதாக இருந்து எல்லா மதங்களையும் பாதுகாக்க வேண்டும் என்று அது வாதிட்டது. அவ்வாதம் தோற்றது; 1972 மே 22 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலைக் கோரினார். 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி நடந்த அந்த இடைத்தேர்தலில் 25,927 வாக்குகள் பெற்று, மறுபடியும் எதிர்த்து நின்ற பொன்னம்பலத்தை 16,470 வாக்குகளால் தோற்கடித்தார். இனப் பிரச்சினை முற்றும்போது சமூகநீதிக் கேள்வி எவ்வாறு பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பதை இந்த இரு தேர்தல்களின் எண்களே காட்டுகின்றன.

1976 மே 14 இல் பண்ணாகத்தில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டுக் கோரிக்கைக்காகவே நினைவில் நிற்கிறது. அதே தீர்மானம் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்கிறது. அமையப்போகும் அரசு எல்லா மதங்களுக்கும் சமமான பாதுகாப்பளிக்கும் மதச்சார்பற்ற அரசாக இருக்கும் என்கிறது. சாதி ஒழிக்கப்படும், தீண்டாமையும் பிறப்பின் அடிப்படையிலான ஏற்றத்தாழ்வும் சட்டத்தால் தண்டிக்கப்படும் என்கிறது. தமிழ்க் கட்சி அரசியலின் மனிதநேயச் சாசனம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இந்த வரிகள்தான். அவற்றை எழுதியவர்களின் மனம் தூயது என்றே நம்புகிறேன். ஆனால் அவை வருங்கால அரசு ஒன்றின் கடமைகளாக எழுதப்பட்டன. கட்சிக் கிளைகள் மறுநாட் காலையிலிருந்து எந்தக் கோயிலில், எந்தக் கடையில், எந்தக் கிணற்றில் என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றில் இல்லை.

பழக்கத்தில் ஊறாத விழுமியம் ஆயுதத்தின் முன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை 1990 ஒக்டோபர் 30 காட்டியது. அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மதச்சார்பின்மையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம் ஒன்று, தலைமுறைகளாக நம்மோடு வாழ்ந்த மக்களைக் கையிற் கிடைத்ததோடு அனுப்பியது. தமிழ் அரசியல் அதை அப்போதே உரத்துக் கண்டிக்கவில்லை. அச்சம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. அச்சம் நீங்கிய பின்பும் நீடித்த மௌனத்துக்கு அச்சம் காரணமாகாது.

இன்று

காங்கேசன்துறை வாக்காளர்கள் 1956 இல் உருவாக்கிய மரபு இன்று நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கிறது. 2016 இல் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஓர் இந்துத்துவ அமைப்பு தொடங்கப்பட்டது. 2019 சிவராத்திரி வேளையில் மன்னார்த் திருக்கேதீசுவர வளைவு பிடுங்கி எறியப்பட்டபோது சைவரும் கத்தோலிக்கரும் எதிரெதிரே நின்றார்கள். வேட்பாளரின் மதத்தை விசாரிக்கும் பேச்சு, 1952 இற்குப் பின் ஒடுங்கியிருந்தது, மறுபடியும் காதில் விழுகிறது. இதை எதிர்ப்பதில் தமிழ்க் கட்சிகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருக்கக் கூடாது. ஆனால் எதிர்க்கும்போது பழைய தவறு திரும்பக் கூடாது. 2018 இல் வரணியில் அம்மன் கோயில் ஒன்றின் தேர் ஜே.சி.பி. இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. மத நல்லிணக்கம் பற்றி அறிக்கை விடும் கட்சி அந்தத் தேரடியில் நின்று பேசவும் கடமைப்பட்டது.

2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தென்னிலங்கைக் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி வென்றதைப் பலர் தமிழ்த் தேசியத்தின் தோல்வி என்று மட்டும் விளக்குகிறார்கள். தமிழ்க் கட்சிகளின் வேட்பாளர் பட்டியலிலும் கிளைத் தலைமையிலும் தங்களை ஒருபோதும் காணாத மக்கள் எங்கே வாக்களித்தார்கள் என்ற கேள்வியை அவ்விளக்கம் கேட்பதில்லை.

கட்சிகள் பாராளுமன்றம் போகாமலே செய்யக்கூடிய வேலை பிரதேச சபைகளில் இருக்கிறது. கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும், சந்தைகளை நடத்துவதும், மயானங்களை நிர்வகிப்பதும் சபைகளின் கையில் உள்ளன. 2017 இல் புத்தூர்க் கலைமதி கிராமத்து மக்கள், தங்கள் குடிமனைகளுக்கு நடுவே உள்ள கிந்துசிட்டி மயானத்தில் சடலங்களை எரிப்பதை நிறுத்தக் கோரி நீண்ட போராட்டம் நடத்தினார்கள். பெண்கள் உட்படப் பலர் கைதானார்கள். அங்கேயும் அவர்களுடன் நின்றவர்கள் சிறிய இடதுசாரிக் கட்சியினர். மக்கள் கேட்டது வீட்டு முற்றத்தில் சாம்பல் விழாத வாழ்வு. குடியிருப்புக்கு நடுவில் எந்த மயானம் இருக்கலாம், எது மூடப்பட வேண்டும், எல்லோருக்கும் பொதுவான மயானம் எங்கே அமைய வேண்டும் என்பவற்றைப் பிரதேச சபையின் ஒரு கூட்டத்தில் பிரேரணையாக எடுத்து, வாக்கெடுத்து, வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கித் தீர்க்க முடியும். அடுத்த முறை அப்பிரேரணையை எந்தக் கட்சியின் உறுப்பினர் கொண்டுவருகிறார், எவர் வழிமொழிகிறார், எவர் எழுந்து வெளியே போகிறார் என்பவற்றைக் கூட்ட அறிக்கையில் பெயர் பெயராகப் பதிவு செய்ய வேண்டும்.